அடைப்பதா? உறையிடுவதா?
பழுதுபட்ட பல்லைக் காக்கும் வழிகள்

கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு வைக்கிறோம். சில வாரங்களில் அது கூடிவிடுகிறது. தோலில் பட்ட காயமும் ஆறிவிடுகிறது. ஆனால் பல்லில் விழுந்த குழி மட்டும் ஒருநாளும் தானாக மூடிக்கொள்வதில்லை. ஏன்?

பல்லின் வெளிப்போர்வையான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கால்சியம், பாஸ்பேட் அடங்கிய தாது உப்பாகும். இதைக் கட்டிய உயிரணுக்கள், பல் ஈறைப் பிளந்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. கட்டிய கொத்தனார் ஊரைவிட்டே போய்விட்டார். இடிந்த சுவரை இனி நாம்தான் பூச வேண்டும். எதைக்கொண்டு பூசுவது என்பதே கேள்வி.

சொத்தை எப்படி விழுகிறது?

நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப் பொருளையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த உப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இழப்பு மிகும்போது முதலில் தோன்றுவது குழியன்று. சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெண்புள்ளிதான். இந்த நிலையில் பல்லைக் குடைய வேண்டியதில்லை. ஃபுளூரைடு கலந்த பற்பசையும் இனிப்பைக் குறைத்தலும் சிதைவைத் தடுத்து நிறுத்தக்கூடும். குழி விழுந்துவிட்டால்தான் அடைப்புத் தேவை.

வலி சொல்லும் செய்தி

எனாமலுக்கு அடியில் டென்டைன். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழ். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று வலித்து உடனே அடங்கினால், பற்கூழ் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, அடைப்பே போதுமானதாகலாம். வலி நெடுநேரம் நீடித்தாலோ, காரணமின்றி நள்ளிரவில் எழுப்பினாலோ, பற்கூழ் மீள முடியாதபடி கெட்டிருக்கக்கூடும். அப்போது அதை அகற்றி வேர்க்குழாயைத் தூய்மை செய்து அடைக்கும் வேர் சிகிச்சை தேவைப்படும்.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சில நாள் துடிக்க வைத்த பல், திடீரென்று அமைதியாகிவிடும். கிராம்புத் தைலம் குணமாக்கிவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் பற்கூழ் இறந்திருக்கலாம். வலி நின்றாலும் நோய் நிற்பதில்லை. அது வேரின் நுனி வழியாகத் தாடையெலும்பை நோக்கி நகர்கிறது.

அடைக்கும் பொருள்கள்

நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டது வெள்ளி நிற இரசக்கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளோடு ஏறக்குறையச் சம எடைப் பாதரசம் சேர்ந்தது இது. உறுதியானது, ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் பல்லோடு ஒட்டாது. அது நழுவாமலிருக்க, வாய் குறுகி உள்ளே அகன்ற குழி வெட்ட வேண்டும்; நல்ல பல்லும் சிறிது வீணாகும். பாதரச மாசைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இதன் பயனைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல், மருத்துவத் தேவை கட்டாயமானால் ஒழிய, இதை நிறுத்திவிட்டது. எனினும் வாயில் நல்ல நிலையிலுள்ள பழைய அடைப்பை அச்சத்தால் தோண்டியெடுக்கத் தேவையில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக வெளிப்படும்.

1955-இல் அமெரிக்கரான பூனகோர், எனாமலை அமிலத்தால் சிறிது அரித்தால் பிசின் அதில் நன்கு பற்றும் என்று காட்டினார். இன்று பல்லின் நிறத்திலேயே அடைக்கும் கலப்புப் பிசின் இந்த அடிப்படையில் அமைந்தது. சொத்தையை மட்டும் நீக்கினால் போதும். பிசினை மெல்லிய அடுக்குகளாக வைத்து நீல ஒளியால் இறுகச் செய்வார்கள். இறுகும்போது அது சிறிது சுருங்கும். குழியில் ஈரம் பட்டால் பிடிப்பு கெடும். எனவே உமிழ்நீரை விலக்கிப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாவது கண்ணாடி அயனோமர் சிமெண்ட். இங்கிலாந்தில் வில்சன், கென்ட் இருவரும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் அறிவித்தது. பல்லின் கால்சியத்தோடு வேதிமுறையில் பிணைகிறது. ஃபுளூரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. மெல்லும் விசையைத் தாங்கும் வலிமை குறைவு. ஆகவே பால்பற்களுக்கும் ஈறோரக் குழிகளுக்கும் ஏற்றது. 1980-களில் தான்சானியாவில், மின்சாரமில்லாத ஊர்களுக்கென, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை உருவானது. பின்னர் அதற்கு இந்தச் சிமெண்டே பெரிதும் கைகொடுத்தது.

உறை எப்போது?

குழி பெரிதாகி, மீந்த சுவர்கள் மெலிந்துவிட்டால் அடைப்பு போதாது. மெல்லும்போது அது ஆப்புப் போலச் சுவர்களைப் பிளக்கக்கூடும். உளியின் மரப்பிடி பிளக்காதிருக்கத் தச்சர் இரும்புப் பூண் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மக்கள் 'கேப்' என்று சொல்லும் உறை செய்வதும் அதுவே. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் உறை வேண்டியிருப்பது இதனால்தான். ஆனால் பூண் பிடிக்க மரம் வேண்டுமே! ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இருந்தால்தான் உறை நிலைக்கும்.

உறைக்கும் ஒரு விலை உண்டு. அது அமர இடம் வேண்டிப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும்; செதுக்கியது திரும்ப வராது. எனவே சிறு குழிக்கு உறை தேடுவது, ஓடு ஒன்று உடைந்ததற்குக் கூரையையே பிரிப்பதாகும்.

எதுவும் இயலாதபோதுதான் பிடுங்குதல். பிடுங்கினால் செலவு முடிந்தது என்று எண்ணக் கூடாது. இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பல் சாயலாம். எதிர்த்த பல் நீண்டு இறங்கலாம்.

முடிவு செய்யுமுன்

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பற்கூழ் உயிரோடு இருக்கிறதா? நல்ல பல் எவ்வளவு மீந்திருக்கிறது? அந்தப் பல்லின்மேல் எவ்வளவு விசை விழும்? பொருளைத் தேர்ந்தெடுப்பது இவற்றின் விடைகளே. விலையும் நிறமும் அடுத்துத்தான்.

எந்த அடைப்பும் நிரந்தரமன்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி சற்றே பெரிதாகிறது. சிறு குழி பெருங்குழியாகி, பெருங்குழி வேர் சிகிச்சையாகி, அதுவும் உறையில் போய் முடியும் பயணம் இது. இந்தப் பயணத்தைத் தாமதமாகத் தொடங்குவதே பல்லுக்கு நாம் செய்யும் பேருதவி. இன்று கண்ணாடியில் தெரியும் சிறு கரும்புள்ளியை இந்த மாதமே காட்டிவிட்டால், அந்தப் பல் முதுமையிலும் நமக்கு முறுக்கைக் கடித்துத் தரும்.