எந்த இணைப்புக்கு எந்த ஈயம்?

கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் கைத்தொலைபேசி திருத்துபவரின் மேசையைக் கவனித்தால், ஒரே வெள்ளி நிறத்தில் இரண்டு மூன்று ஈயக்கம்பிச் சுருள்களும் ஒரு சிறு டப்பாவில் சாம்பல் நிறப் பசையும் தெரியும். பார்வைக்குச் சுருள்கள் எல்லாம் ஒன்றுதான். எந்த வெப்பநிலையில் உருகும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

பழையதும் பழகியதும் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி. வெள்ளீயம் தனியே 232 பாகை செல்சியசிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும். இந்த அளவில் சேர்த்தாலோ 183 பாகையிலேயே உருகிவிடும். இடையில் கூழாக நிற்காமல் சட்டென்று உறைவதால் இணைப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். 60க்கு 40 கலவைக்கும் ஏறத்தாழ இதே குணம்தான். கூழ்நிலை சற்று நீளும், அவ்வளவே.

காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் அதற்குத் தடை விதித்தது. உலகச் சந்தைக்குச் செய்யப்படும் தொலைபேசிகள் அதன்பின் காரீயமற்ற ஈயத்துக்கு மாறின. அதில் 96.5 வீதம் வெள்ளீயம், 3 வீதம் வெள்ளி, அரை வீதம் செம்பு கலந்த வகை பிரபலமானது. உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். உறைந்த பின் மங்கலாக, சொரசொரப்பாகத் தெரியும். பழைய கம்பியில் கை பழகியவர்கள் இதைப் பார்த்துச் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து மீண்டும் சூடேற்றுவதுண்டு. அப்படிச் செய்தால் மின்சுற்றுப் பலகைதான் கெடும்.

சுருளின் லேபிள் உரிந்துபோனால் எளிய வழி ஒன்று இருக்கிறது. சூட்டுக்கோலை 200 பாகையில் வைத்துக் கம்பியைத் தொடவேண்டும். உருகினால் பெரும்பாலும் காரீயக் கலவை. உருகாவிட்டால் பெரும்பாலும் காரீயமற்றது.

டப்பாவிலுள்ள பசை வேறு கதை. பிஸ்மத் 58 வீதம், வெள்ளீயம் 42 வீதம் கொண்ட பசை 138 பாகையிலேயே உருகும். அடுக்கடுக்கான பலகைகளை, பக்கத்துச் சில்லுகளைச் சுடாமல் ஒட்ட அது கைகொடுக்கும். ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளது. அடிக்கடி கீழே விழும் தொலைபேசியில் அந்த ஒட்டு நீண்டநாள் தாங்கும் என்று நம்ப முடியாது.

உலோகத்தைப் போலவே கம்பியின் உள்ளிருக்கும் துப்புரவுப் பொருளையும் பார்க்கவேண்டும். மின்சுற்றுக்குப் பைன் பிசின் உள்ள கம்பியே ஏற்றது. குழாய், தகர வேலைக்கான அமிலவகையைப் பலகையில் பயன்படுத்தினால் மிஞ்சும் அமிலம் செம்பை அரிக்கும்; காலி வீதிக் கடற்காற்றில் இன்னும் விரைவாக. பிசின் புகையும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. சிறு விசிறி வைத்துப் புகையை முகத்திலிருந்து விலக்குவது அவசியம், வேலை முடிந்ததும் கை கழுவுவதும் அப்படியே. குடிநீர்க் குழாய்க்கும் சமையல் பாத்திரத்துக்கும் காரீயம் கலந்த எதையும் பயன்படுத்தவே கூடாது.

புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் தட்டார் ஊதிப் பற்றவைக்கும் பொடி, இவை எதனோடும் சேராது. வெண்காரம் தடவி, நூற்றுக்கணக்கான பாகைச் சூட்டில் உருக்கப்படும் தங்கக் கலவை அது. முன்பு அது எளிதில் உருகுவதற்காகக் கட்மியம் சேர்த்தார்கள். கட்மியம் 767 பாகையில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி பட்டறைக்காரரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதற்கு மாற்றாக நாகமும் இண்டியமும் சேர்த்த பொடிகள் இப்போது வந்திருக்கின்றன.