போன் 'அப்டேட்' கேட்குதா?

பாசி எடுக்கக் கிளம்பும் நேரத்தில் போன் 'அப்டேட்' கேட்டால் நமக்கு எரிச்சல்தான் வருது. நெட்டும் தீர்ந்துபோகுது. முடிந்தபின் பார்த்தால் பட்டன்கள் இடம் மாறிக் கிடக்கு!

ஆனாலும் அப்டேட் அவசியம். போனை இயக்கும் மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அதுதான் அடைக்கிறது. விரிசல் விட்ட வத்தையை அடைக்காமல் கடலில் இறக்குவோமா? நம் வங்கிக் கணக்கும் அந்தப் போனில்தானே இருக்கு!

நாம் செய்ய வேண்டியவை:

1. முக்கியமான நம்பர்களை நோட்டில் எழுதி வைப்போம்.

2. 'காலை வணக்கம்' படங்களை அழித்து, போனில் இடம் உண்டாக்குவோம்.

3. ராத்திரி சார்ஜ் போட்டு அப்டேட் செய்வோம்.

4. 'செட்டிங்ஸ்' வழியாக மட்டுமே செய்வோம். 'அப்டேட்' என்று வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்.சிலோ வரும் லிங்க்கைத் தொடவே கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம் கோரிக்கைகளும் உண்டு. என்ன மாறியது என்பதை எளிய தமிழில் சொல்ல வேண்டும். பழைய போனைச் சீக்கிரம் கைவிடக் கூடாது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நமக்கும் அது வேண்டும். அதுவரை, புதுப் போன் வாங்கும்போது "எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்று கடையில் கேட்டு வாங்குவோம்!