உங்களுக்குத் தெரியுமா? தோள் மூட்டு மாற்றும், அதன் பிறகான வலியும்

★ பதிவான முதல் தோள் மூட்டு மாற்று சிகிச்சை நடந்தது 1893இல், பாரிஸில். காசநோயால் தோள் அரித்துப்போன 37 வயது ரொட்டிக்கடைத் தொழிலாளி ஒருவருக்கு பியான் என்ற மருத்துவர் அதைச் செய்தார். பிளாட்டினமும் கடினமாக்கிய ரப்பரும் கொண்ட அந்த மூட்டை உருவாக்கியவர் ஒரு பல் மருத்துவர்! தொற்று அடங்காததால் சுமார் 2 ஆண்டுகளில் அதை எடுக்க வேண்டியதாயிற்று.

★ தோளில் பந்து மேற்கையிலும் கிண்ணம் தோள்பட்டை எலும்பிலும் இருக்கின்றன. 1985இல் பிரான்ஸின் கிராமோன் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தும் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தார். மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் கிழிந்து பயனற்றுப் போனவர்கள்கூட, வெளிப்பக்கத்து டெல்டாய்ட் தசையின் பலத்தால் கையைத் தூக்க இதுவே வழி செய்தது. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ பொருத்தியது வழக்கமான மூட்டா, இந்தத் ‘தலைகீழ்’ மூட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த அசைவு ஆகாது என்பது அதைப் பொறுத்தே மாறும்.

★ அறுவை முடிந்து விழிக்கும்போது பலருக்கு வலியே தெரியாது. கழுத்தடியில் நரம்புகளைச் சுற்றிப் போட்ட ஊசியால் கை முழுதும் மரத்துக் கிடக்கும். சிலருக்கு இமை தொங்கும், குரல் கம்மும், மூச்சு நிறையாதது போல் இருக்கும். இமைக்கும் குரல்வளைக்கும் உதரவிதானத்துக்கும் போகும் நரம்புகளும் பக்கத்திலேயே ஓடுவதால் வரும் விளைவுகள் இவை. பெரும்பாலும் மருந்தின் வேகம் இறங்கியதும் சரியாகிவிடும். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை போடும் ஊசி ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். அது விடும் நேரம் பல சமயம் நள்ளிரவாக அமையும். அதுவரை ஒன்றுமே இல்லாத தோளில் வலி ஒரேயடியாகப் பாயும். ‘வலிக்கவில்லையே, மாத்திரை எதற்கு?’ என்று முதல் நாள் விட்டுவிடுகிறவர்கள்தான் அந்த இரவில் துடிக்கிறார்கள். மரத்த உணர்வு இருக்கும்போதே, மருத்துவர் எழுதிய மாத்திரையை நேரம் தவறாமல் தொடங்கிவிட வேண்டும். ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். பல்லைக் கடித்துப் பொறுப்பதை நம் வீடுகளில் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் வலியோடு இருப்பவர் தூங்க மாட்டார், பயிற்சிக்கும் கையைத் தர மாட்டார். பிறகு தோள் இறுகிப்போகும். வலியைச் சொல்வது பலவீனம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

★ வலிக்கு எழுதித் தரும் பாராசிட்டமால் சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் கலந்திருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம்தான். கல்லீரல் நோயாளிகளுக்கும் மெலிந்த முதியவர்களுக்கும் அதைவிடக் குறைவு. டிரமடால் போன்ற மாத்திரைகள் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். மலமிளக்கியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

★ மல்லாந்து தட்டையாகப் படுத்தால் வலி கூடும். முதல் சில வாரங்கள் சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்குத் தலையணைகள் அடுக்கிய கட்டிலிலோ பாதி உட்கார்ந்த நிலையில் தூங்கலாம். மேற்கைக்கும் முழங்கைக்கும் அடியில் ஒரு தலையணை வைத்தால் கை பின்னால் சரியாது.

★ இரண்டு மூன்று நாளில் முழங்கை வரை, சிலருக்கு விரல்கள் வரைகூட நீலம் பாரித்துக் கன்றிப்போகும். பெரும்பாலும் உள்ளே கசிந்த இரத்தம் கீழே இறங்குவதுதான் காரணம். விரல்களை மடக்கி நீட்டினால் வீக்கம் குறையும்.

★ வழக்கமான மூட்டு மாற்றில் தோளின் முன்பக்கத் தசைநார் ஒன்றைப் பிரித்து, கடைசியில் திரும்பத் தைக்கிறார்கள். அது பிடிக்கும்வரை, ஏறக்குறைய 6 வாரங்கள், அந்தக் கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழக் கூடாது. தலைகீழ் மூட்டு உள்ளவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை, முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகக் கூடாது. பின்பக்க ஜாக்கெட் கொக்கி மாட்டுவதும் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பதும் மூட்டை நழுவ வைக்கலாம்.

★ குனிந்து நின்று, உடலை மெல்ல ஆட்டி, கையைத் தானாக ஊசலாட விடும் பயிற்சி பாஸ்டன் மருத்துவர் காட்மன் பெயரால் வழங்குகிறது. அவருடைய தோள் நூல் வெளியானது 1934இல். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார். இதே நிலையில் நின்றால் கையைத் தூக்காமலே அக்குளைக் கழுவலாம். சட்டை போடும்போது அறுவை செய்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

★ எண்ணெய் தேய்த்து நீவி விட்டால் சரியாகும் என்று அன்போடு வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தையல் பிடிக்காத தசைநார் அந்த இழுப்பில் அறுந்துவிடலாம்.

★ தோள் மூட்டுத் தொற்றுக்கு அடிக்கடி காரணமாவது, முகப்பருவோடு தொடர்புடைய அதே தோல் பாக்டீரியாதான். காய்ச்சலோ சீழோ இல்லாமல், மாதங்கள் கழித்துக்கூட வெறும் வலியும் இறுக்கமுமாக அது தலைகாட்டும். ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டுபிடிக்கவே 2 வாரங்கள் வரை ஆகலாம். குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி ஏறினால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். அறுவை செய்த மருத்துவரிடமே போய்ச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம் என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.