85-ஆவது கேள்வி

சென்னையில் ஒரு தேர்வு மையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் அக்கா மகள், அமெரிக்காவில் நர்ஸாவதற்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி நேரத் தேர்வாயிற்றே, சாயங்காலம் ஆகிவிடும் என்று கையோடு ஒரு புத்தகம் கொண்டு போயிருந்தேன். நாற்பது பக்கம்கூடத் தாண்டவில்லை, வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சித்தி, 85-லயே கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. பாதிக்குப் பாதி குத்துமதிப்பாத்தான் போட்டேன். எல்லாம் போச்சு."

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். நைட் டூட்டி முடிந்து வந்து, குளித்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து படித்தவள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்று பிறகு தேடிப் படித்தேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் ஆட்டோவில் திரும்பும்போதே அவள் கண்ணீரைத் துடைத்திருப்பேன்.

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் நர்சிங் போர்டு. அதற்குமுன் இங்கே தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்திலிருந்து பதிவுச் சரிபார்ப்பு போக வேண்டும். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் படித்தாள், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தாள் என்ற கணக்கைக் கல்லூரி எழுதித் தர வேண்டும். எவால்யுவேஷன், ஆங்கிலத் தேர்வு, அப்புறம் தேர்வெழுத அனுமதிக் கடிதமான ஏடிடி. இவை மாதக்கணக்கில் இழுக்கும். இத்தனையும் தாண்டினால்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார முடியும். அங்கே அமெரிக்க நர்சிங் கல்லூரியில் படித்து வெளிவரும் பெண்ணுக்கும் இதே தேர்வுதான், தேறுவதற்கு இதே கோடுதான். கனடாவின் பெரும்பகுதி 2015-லும், வெளிநாட்டில் படித்த நர்ஸுகளுக்காக ஆஸ்திரேலியா 2020-லும் இதையே எடுத்துக்கொண்டன.

தேர்வறைக்குள் போகுமுன் உள்ளங்கையை ஒரு சிறு கருவிக்கு மேல் நீட்டச் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கைக்குள் இறங்குகிறது. நரம்பு என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அந்தச் சிரைகளில் ஓடும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அந்த ஒளியை விழுங்கிக்கொள்ள, சிரைகள் மட்டும் கறுத்த கோடுகளாகப் படத்தில் விழுகின்றன. எந்த இருவருக்கும் அந்தக் கோலம் ஒன்றாக இருப்பதில்லை. ஆள்மாறாட்டம் அங்கேயே நின்றுபோகும். தினமும் விரலால் தடவித் தடவி நோயாளிகளின் சிரையைத் தேடிய ஒருத்தியின் சிரையை அங்கே ஒளி தேடுகிறது.

1994 வரை இந்தத் தேர்வு வருஷத்துக்கு இருமுறை, இரண்டு நாள், பென்சிலும் தாளுமாக நடந்தது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். அந்த வருஷம் ஏப்ரலில் இது கணினிக்கு மாறியபோது அளக்கும் முறையும் அடியோடு மாறியது. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் வினாத்தாள். அவர் பதில் சொல்லச் சொல்லக் கண்முன்னே உருவாகும் வினாத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகை முன் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேல் வரிசைப் பெரிய எழுத்தைக் கடகடவென்று படித்தால் கீழ் வரிசைக்குப் போகச் சொல்கிறார்கள். தடுமாறினால் ஒரு வரிசை மேலே. நாம் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் படிக்கிற வரிசைதான் அவர்களுக்கு வேண்டிய வரிசை. நம் பார்வையின் எல்லை அங்கே இருக்கிறது. கடைசி வரிசை தெரியவில்லையே என்று யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

என்கிளெக்ஸும் அப்படித்தான் இறங்கி ஏறுகிறது. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினம். தவறினால் கொஞ்சம் எளிது. விட்டுவிட்டுப் போக முடியாது, போனதைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் இவர் சரியாகச் சொல்லப் பாதி வாய்ப்பு, தவறப் பாதி வாய்ப்பு என்று தோன்றும் கேள்வியைத்தான் கணினி தேடி எடுக்கிறது. ஆகவே கெட்டிக்கார நர்ஸும் ஏறக்குறைய பாதிதான் சரியாகச் சொல்வார், சுமாரானவரும் ஏறக்குறைய பாதிதான் சரியாகச் சொல்வார். ஒருவர் உயரத்தில் நின்று பாதி, மற்றவர் தாழ்வில் நின்று பாதி. பாதிக்குப் பாதி குத்துமதிப்பு என்று என் அக்கா மகள் சொன்னாளே, கருவி ஒழுங்காக வேலை செய்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். சென்டம் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகளை அந்த உணர்வு உள்ளுக்குள் நொறுக்கிவிடுகிறது. இதை அவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும்.

ஆளுக்கொரு வினாத்தாள் என்றால் எப்படி ஒப்பிடுவது? இதற்கு விடை சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் கேயார்க் ராஷ். 1950-களில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் தேர்வு முடிவுகள் அவர் கைக்கு வந்தன. வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு பாடப் பகுதிகள். ஒரு பிள்ளை தப்பில்லாமல் படித்தால் பிள்ளை கெட்டியா, பாடம் எளிதா? இரண்டையும் பிரித்தெடுக்க ஒரு வழி கண்டு 1960-இல் புத்தகமாக எழுதினார். ஆளின் திறமையையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்தார். சரியாகச் சொல்லும் வாய்ப்பைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. அந்த இடைவெளியை அளக்கும் அலகுக்கு லாஜிட் என்று பெயர். திறமையும் கடினமும் சமமானால் வாய்ப்பு 50 சதவீதம். ஆள் ஒரு லாஜிட் மேலே இருந்தால் 73. இரண்டு லாஜிட் மேலே என்றால் 88. ஒரு லாஜிட் கீழே என்றால் 27.

இந்த அளவுகோல் கையில் இருந்தால், எந்தக் கேள்விகளைக் கேட்டோம் என்பது பொருட்டில்லை. ஒருவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

பாதி வாய்ப்புள்ள கேள்வியை ஏன் தேட வேண்டும்? ஒரு கேள்வி தரும் செய்தியின் அளவு, சரியாகச் சொல்லும் வாய்ப்பைத் தவறும் வாய்ப்பால் பெருக்கினால் வருவது. பாதிக்குப் பாதி என்றால் 0.25. பத்தில் ஒன்பது பேர் சரியாகச் சொல்லிவிடும் கேள்வி என்றால் 0.09 மட்டுமே. விடை முன்பே தெரிந்த கேள்வியைக் கேட்டுப் புதிதாக என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? எளிய கேள்விகளால் நிரம்பிய தாள் எழுதுகிறவருக்குத் தெம்பு தரும். அளக்கிறவருக்கு அதில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது.

இனி அந்த 85. இப்போதைய விதிப்படி குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. இவற்றில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. அதற்குப் பிறகு வருகிறேன். 85-இல் மீதி 70. கேள்விக்கு 0.25 வீதம் 17.5. அதன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் 0.24 லாஜிட், இது கணினியின் மதிப்பீட்டில் இருக்கும் தடுமாற்றம். 95 சதவீத நிச்சயம் வேண்டுமென்றால் அதை 1.65-ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 0.4. ஒவ்வொரு விடையும் சரி அல்லது தப்பு என்று மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. உண்மைத் தேர்வில் பாதி மதிப்பெண் தரும் கேள்விகளும் உண்டு என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தேறுவதற்கான கோடு 0 லாஜிட். 2013-இல் அதை −0.16-இலிருந்து அந்த இடத்துக்கு உயர்த்தினார்கள். அனுபவமுள்ள நர்ஸுகள் குழுவாக உட்கார்ந்து, நோயாளிக்கு ஆபத்து வராமல் வேலை பார்க்கத் தேவையான குறைந்தபட்ச அறிவுள்ள ஒரு புது நர்ஸ் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டதிலிருந்து பிறக்கும் கோடு அது. இத்தனை பேர்தான் தேற வேண்டும் என்ற ஒதுக்கீடு இல்லை, பக்கத்து நாற்காலிக்காரரோடு போட்டியும் இல்லை. 85-ஆவது கேள்வி முடிந்ததும் ஒருவரின் மதிப்பீடு கோட்டிலிருந்து 0.4-க்கும் மேலே தள்ளி நின்றால் கணினிக்கு நிச்சயம் வந்துவிடும்: தேறினார். அதே அளவு கீழே நின்றாலும் நிச்சயம்தான்: தேறவில்லை. இரண்டிலும் திரை அணைந்துவிடும். அதனால்தான் 85-இல் நின்றது நல்லதா கெட்டதா என்று வெளியே நிற்கும் யாராலும் சொல்ல முடியாது.

கோட்டை ஒட்டி நிற்பவரைக் கணினி அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. இன்னும் கேள், இன்னும் கேள் என்று போகிறது. 150 வரை போனாலும் தடுமாற்றம் 0.17-க்குத்தான் குறைகிறது, தடுமாற்றத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு கேள்வி வேண்டும். அங்கே நிச்சய விதியைக் கைவிட்டு, கடைசி மதிப்பீடு கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று மட்டும் பார்க்கிறது. தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டே தீர்ப்பெழுதும் தேர்வு இது. நான் எழுதிய எந்தத் தேர்வும் எனக்கு அந்த மரியாதையைத் தரவில்லை.

கேள்விகள் எப்படி இருக்கும்? நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன். உங்கள் பொறுப்பில் நான்கு பேர். ஒருவர் அறுவை முடிந்த வலியில் கத்துகிறார். ஒருவருக்குச் சர்க்கரை 210. ஒருவர் டிஸ்சார்ஜுக்குக் காத்திருந்து பொறுமை இழந்துவிட்டார். நேற்று தைராய்டு அறுவை ஆன ஒரு அம்மா, உதட்டைச் சுற்றி ஏதோ குறுகுறுவென்று இருக்கிறது என்று மெல்லச் சொல்கிறார். முதலில் யாரிடம் போவீர்கள்? கால் தானாகக் கத்துகிறவர் பக்கம்தான் போகும். போக வேண்டியது அந்த அம்மாவிடம். தைராய்டை எடுக்கும்போது ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் விழும். நரம்புகள் துடிக்கத் தொடங்கும். குரல்வளைத் தசை இறுகினால் மூச்சு அடைத்துவிடும். அந்தக் குறுகுறுப்பு முதல் மணியோசை. பாடத்தில் இத்தனையும் படித்தவருக்கும், வார்டு சத்தத்துக்கு நடுவே அந்த மெல்லிய குரலைப் பிடித்துக்கொள்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. அதை அளக்கத்தான் 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டை விரித்து வைத்து, நிலைமை மாற மாற ஆறு கேள்வி தொடர்ந்து கேட்கும் முறையையும் சேர்த்திருக்கிறார்கள்.

அக்கா மகள் தேறிவிட்டாள். சேதி வந்தபோது டூட்டியில் இருந்தாளாம். ஒரு ட்ரிப் மாற்றி முடித்துவிட்டுத்தான் போனைப் பார்த்தாளாம்.

மதிப்பெண் இல்லாத அந்த 15 கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை புதிதாக எழுதப்பட்டவை. எவ்வளவு கடினம் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நிஜமாகத் தேர்வெழுதுகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்தால்தான் அவற்றுக்கு லாஜிட் குறிக்க முடியும். ஒரே திறமையுள்ள இரண்டு பேரில் ஒரு நாட்டுக்காரரையோ ஒரு மொழிக்காரரையோ மட்டும் இடறிவிடும் கேள்வியா என்றும் பார்க்கிறார்கள். மற்ற கேள்விகளுக்கு நடுவே அடையாளமில்லாமல் கலந்திருக்கும். எந்தப் பதினைந்து என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

ஒரு கேள்வி மட்டும் அக்கா மகளின் மனசில் இன்னும் கிடக்கிறது. என்ன கேள்வி என்று கேட்டேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டு எழுதியிருக்கிறாள், அதனால் எனக்கும் சொல்லவில்லை. "அது அந்தப் பதினஞ்சுல ஒண்ணா இருந்திருக்கும்டி" என்றேன்.

"இருக்கலாம் சித்தி," என்றாள். "ஆனா அந்தப் பேஷண்டுக்கு என்ன பண்ணியிருக்கணும்னுதான் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."