வெள்ளிக் காசும் பொய் வண்ணமும்

வெள்ளி கறுக்கும் இயல்பினது என்பது யாவரும் அறிந்ததே. காற்றில் நுண்ணளவாய்க் கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி அதன்மேல் ஒரு படலத்தைத் தோற்றுவிக்கின்றன. முற்றக் கறுப்பதற்கு முன்னர் அப்படலம் வண்ணங்காட்டும் பருவம் ஒன்றுண்டு. தேங்கிய மழைநீரில் எண்ணெய்த்துளி படர்ந்து நிறங்காட்டுவதைப் போன்றதே இதுவும். படலம் மிக மெல்லிதாயின் வெளிர்மஞ்சள் தோன்றும். சற்றே தடித்தால் செம்மையும் ஊதாவும். மேலும் தடித்தால் நீலம். போலியைக் காட்டிக்கொடுப்பதும் இவ்வரிசையே.

அமெரிக்க நாட்டின் மார்கன் வெள்ளி டாலரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜார்ஜ் மார்கன் என்பார் வடிவமைத்த இக்காசு புழக்கத்திற்கென 1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921இலும் அச்சிடப்பெற்றது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. மிகுதியானவை ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பெற்று அரசுக் கருவூலத்தில் பல்லாண்டு உறங்கின. பைத்துணியைத் தொட்டுக்கிடந்த காசுகளுட் சில வானவில் நிறம் பெற்றன. 1960களின் முற்பகுதியில் பைகள் பெருமளவில் வெளிவந்தன. நிறம் நன்கமைந்த காசுக்கு, அதே ஆண்டின் வெண்காசைவிடப் பன்மடங்கு விலை தருவாரும் உளர். பின், போலி வராதிருக்குமா?

பல்லாண்டுகள் இருளில் நிகழ்ந்ததைச் சில நாழிகையில் நிகழ்த்த, காசைக் கந்தக ஆவியிற் காட்டுகின்றனர், சூடேற்றுகின்றனர். அவ்வாறு பெற்ற நிறம் பெரும்பாலும் மஞ்சளும் செம்மையும் காட்டாது நேரே நீலத்தில் நிற்கும். பழைய கீறலின்மேலும் தேய்வின்மேலும் வேறுபாடின்றிப் படிந்திருக்கும். பையிற் கிடந்த உண்மைக் காசிலோ, எழுத்தின் ஓரத்தே துணி தொடாத ஒடுக்கம் வெண்மை மாறாதிருப்பதைக் காணலாம். 1986இல் தொடங்கப்பெற்ற பி.சி.ஜி.எஸ். போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் ஐயத்திற்குரிய நிறமுடைய காசுக்குத் தர எண் வழங்க மறுக்கின்றன. எனினும், பொறுமையாகச் செய்த பொய்யின்முன் வல்லுநரும் தடுமாறுவதுண்டு.

நிறம் ஏற்றுதல் ஒருவகைப் பொய்யெனில், கறை நீக்கிப் புதுமை காட்டுதல் மற்றொரு வகை. தமிழ் பயில்வார்க்கு இதிற் கவலை மிகுதி. பெருவழுதி என்னும் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கிய பாண்டியர் செப்புக்காசு சங்ககால வரலாற்றுக்கு அரிய சான்றாகும். அத்தகு காசின் களிம்பை அமிலமிட்டு அகற்றுவோர், அரிப்புண்டு நிற்கும் எழுத்தையும் உடன் அகற்றிவிடக்கூடும். மங்கிய எழுத்தைக் கூரிய கருவியாற் கீறித் தெளிவாக்க முனைவோரோ, இல்லாத எழுத்தையே படைத்துவிடுவர். அதனைப் படித்து நாம் கட்டுரையும் எழுதிவிடுவோம்!

பிறரைக் குறைகூற நமக்கு உரிமை குறைவு. பாட்டனார் வைத்துச் சென்ற ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் நான்கினைக் கறுத்துக்கிடந்தன என்று இளமையில் நாமே புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினோம். வீட்டார் மகிழ்ந்தனர். பின்னாளில் காசறிவு மிக்க பெரியவர் ஒருவர் உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் காட்டியபோது, மன்னர் முகமெங்கும் மயிரிழைக் கீறல்கள்! வெள்ளியின் எடைக்குரிய விலைதான் இனி இவற்றுக்கு என்று கூறி, நான்கையும் நம் கையிலேயே திருப்பித் தந்தார்.