தோம்பில் ஏறாத விசுவாசம்

வழிபடுகிறவனிடமே வழிபாட்டைப் பற்றிக் கடிந்து பேசும் நூல் வேதாகமம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி, இஸ்ரவேலரின் திருநாள்களையும் பாடல்களையும் கடவுள் வெறுப்பதாக அறிவித்தார். அதே மக்கள் சந்தையில் கள்ளத் தராசு வைத்திருந்ததும், ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்றதும்தான் காரணம். ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரம், உபவாசமிருக்கும் நாளிலும் வேலையாட்களை வாட்டி எடுப்பவர்களைக் கண்டிக்கிறது. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே கடவுள் விரும்பும் உபவாசம் என்கிறது. சீரகம் வரை கணக்குப் பார்த்துத் தசமபாகம் செலுத்தியவர்கள் நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டதை இயேசு சுட்டிக்காட்டினார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் ஆலயத்துக்கு எத்தனை முறை போனாய் என்ற கேள்வி எழுவதில்லை. பசித்தவர், அந்நியர், நோயாளி, சிறையிலிருப்பவர் ஆகியோருக்கு என்ன செய்தாய் என்பதே கேட்கப்படுகிறது.

இலங்கையில் வழிபாட்டையும் வாழ்வையும் பற்றிய இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாட்டின் கரையோரம் முழுவதும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் சீர்திருத்தத் திருச்சபையை ஆட்சியின் ஓர் உறுப்பாக்கினார்கள். கோயிற்பற்று தோறும் பள்ளிக்கூடம் இருந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் அங்கே பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. அந்தப் பதிவு இருந்தால்தான் திருமணம் சட்டப்படி செல்லும், பிள்ளைக்குச் சொத்துரிமை கிடைக்கும். அரசாங்கப் பதவிக்கும் அதுவே வழி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் கட்டினார்கள். வேதப்பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர் தேறியவராகக் கொள்ளப்பட்டார். 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பு பால்டேயுஸ் பாதிரியாரே, பலர் பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருப்பதை உணர்ந்து எழுதினார்.

1796இல் ஆங்கிலேயர் வந்தபோது கட்டாயம் தளர்ந்தது. ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கத்தில் 3 இலட்சத்துக்கு மேல் எனக் கணக்கிடப்பட்ட புரட்டஸ்தாந்தக் கிறிஸ்தவர் தொகை, பத்து ஆண்டுகளுக்குள் பெருமளவு சரிந்தது. 1806இல் யாழ்ப்பாணத்தைப் பார்வையிட்ட கிளாடியஸ் புக்கானன், இடிந்த ஆலயங்களையும் போதகர் இல்லாத சபைகளையும் பற்றி எழுதினார். தோம்பில் பெயர் இருந்தவர்களை நயவஞ்சகர் என்று இன்று பழிப்பது நியாயமாகாது. காணி உறுதியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே மேசையில் வைத்த ஆட்சிதான் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது. சலுகையோடு கட்டப்பட்ட சமயம், சலுகை போனதும் தானும் போனது.

இதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரின் நிலை நேர்மாறாக இருந்தது. அவர்களுடைய குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. ஆலயமும் இல்லை, பதிவும் இல்லை. கத்தோலிக்கராக இருப்பதால் இழப்பைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார், பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலையில் தங்கி, இரவில் வீடு வீடாகச் சென்று பூசை ஒப்புக்கொடுத்தார். 1689 நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் நடத்திய தேடுதலில் கத்தோலிக்கர் பலர் பிடிபட்டார்கள், அடிகளார் தப்பினார். 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் கண்டி அரசு அவரையே சிறையில் அடைத்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரண்மனையும் நகரத்தவரும் ஊரைவிட்டு விலகினார்கள். நோய் கண்டவர்களை உறவினரே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாளில் அம்மைக்கு மருந்தில்லை. தொட்டால் ஒட்டும் என்ற அச்சம் நியாயமானதுதான். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கார்வால்யோ அடிகளும் கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனார்கள். குடில் போட்டார்கள், கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவரைப் புதைத்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் பௌத்தர்கள். அந்தக் கைகளின் பராமரிப்புக்கு மதம் ஒரு நிபந்தனையாக இருக்கவில்லை. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தனாகவே இருந்து, அந்தக் குருமாருக்குத் தன் நாட்டில் சுதந்திரம் கொடுத்தான். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்த அடிகளாரை, 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இவ்வளவையும் வைத்து, சடங்கே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது அவசரம். கண்டி–யாழ்ப்பாண வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே இருக்கும் நாவுலவிலிருந்து மேற்கே, கலேவெலப் பக்கம் போனால் வஹகோட்டை வரும். கண்டி அரசர்கள் குடியேற்றிய போர்த்துக்கேயச் சிப்பாய்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் கத்தோலிக்கர்களின் ஊர் அது. 1740களில் கண்டி அரசு குருமாரை வெளியேற்றிய பின், நீண்ட காலம் அங்கே பூசை வைக்க ஆளில்லை. அந்தோனியார் சுரூபமும், பெரியோர் சொல்லிக்கொடுத்த செபமும்தான் அந்த மக்களிடம் மிஞ்சின. போதனை தேய்ந்து, பழக்கம் மட்டும் நின்ற நாள்களும் இருந்திருக்கும். ஆனாலும் வெளி வடிவம் என்ற அந்த மெல்லிய நூல் அறுந்திருந்தால், அவர்களை மீண்டும் இணைக்கப் பிடிமானம் இருந்திராது. இன்று வஹகோட்டை மாத்தளை மாவட்டத்தின் பேர்பெற்ற யாத்திரைத் தலம். சடங்கு விசுவாசத்தைச் சுமந்து செல்லும். விசுவாசத்தின் இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும்போதுதான் கேடு.

மாத்தளை மாவட்டம் அடங்கியிருக்கும் அங்கிலிக்கன் மறைமாவட்டம் குருநாகல். 1962 முதல் அதன் ஆயராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது மாத்தளையும் தப்பவில்லை. நகரின் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருந்த ஆயர், நாடு திரும்பிப் பாதிக்கப்பட்டவர்களைப் போய்ப் பார்த்தார். பிறகு தம் சபையாருக்கு எழுதிய மேய்ப்புப்பணி மடலில், சிங்களவர் என்ற முறையில் இந்தக் குற்றத்துக்கு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரும் சிங்களவர், நாட்டின் செல்வாக்குள்ள குடும்பமொன்றில் பிறந்தவர். தம் மக்களுக்குப் பிடிக்காத உண்மையைத் தம் மக்களிடமே சொன்னது, எந்த ஆராதனை ஒழுங்கிலும் எழுதப்படாத வழிபாடு. அந்த ஆண்டு அக்டோபர் 23இல், 56 வயதில் அவர் காலமானார்.

கண்டி அம்பிட்டிய குருமடத்தில் பேராசிரியராக இருந்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகளின் கதை இன்னும் கடுமையானது. 1980இல் அவர் மொனராகலை மாவட்டத்தின் புத்தளைக்குப் போய், ஏழைப் பௌத்த விவசாயிகளிடையே குடிசையில் வாழ்ந்தார். யாரையும் மதம் மாற்றவில்லை. நிலத்துக்கும் மருந்துக்கும் கல்விக்கும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். 1987 நவம்பர் 10இல், பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் பூசையும் பணியும் வேறு வேறாக இருந்ததே இல்லை.

எல்லோரும் இப்படிச் சாகவோ, கொள்ளைநோயில் இறங்கவோ அழைக்கப்படுவதில்லை. நாவுல போன்ற ஊரில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். அக்கம்பக்கத்தார் பௌத்தர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவர்கள் பார்ப்பதில்லை. மிளகு வாங்கும்போது தராசு எப்படி நிற்கிறது, கூலி சொன்ன நாளில் கைக்கு வருகிறதா, மரண வீட்டுக்கு யார் முதலில் வருகிறார், மகளின் திருமணப் பேச்சில் சாதி குறுக்கே நிற்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

வாழ்வின் இந்தப் பகுதிகளில் ஒருவர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளத் திருச்சபைகள் வழிகள் வைத்திருக்கின்றன. இஞ்ஞாசியார் மரபில், நாள் முடிவில் அன்றைய செயல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும் ஆன்மசோதனை உண்டு. 1814இல் இலங்கை வந்த மெதடிஸ்தர்கள், ஜோன் வெஸ்லி 1742இல் தொடங்கிய வகுப்புக் கூட்டத்தைப் பின்பற்றினார்கள். ஏறத்தாழப் பன்னிருவர் வாரந்தோறும் கூடி, அந்த வாரத்தில் எப்படி வாழ்ந்தோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்வார்கள். கத்தோலிக்கப் போதனை பாவசங்கீர்த்தனத்தோடு ஈடு செய்தலையும் கட்டாயமாக்குகிறது. களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை, மன்னிப்புப் பெற்ற பிறகும் நீங்காது. ஒருவரின் பெயரைக் கெடுத்தவர், யாரிடம் கெடுத்தாரோ அவர்களிடம் போய் அதைத் திருத்த முயல வேண்டும். வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று அறிவித்ததை லூக்கா பதிந்திருக்கிறார்.