உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு?

"மாடியில் மகன் குடும்பம், கீழே நாங்கள். எல்லாம் ஒரே குடும்பம்தான்" என்று பெருமையாகச் சொல்கிறோம் இல்லையா? ஜனத்தொகைக் கணக்கில் அது செல்லாது, சகோதரிகளே! அங்கே அடுப்பைத்தான் பார்க்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். உலை தனி என்றால் ஒரே கூரைக்குள் இரண்டு குடும்பம். ரத்த சம்பந்தம்கூட வேண்டியதில்லை. நம்மோடு தங்கி, நம் சமையலையே சாப்பிடும் வேலைக்காரப் பெண்ணும் நம் கணக்கில்தான் சேருவாள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. பூண்டு, வெங்காயம் ஆகாது என்று பின்கட்டில் தனியாகப் பொங்கிக் கொள்கிறார். கணக்குப்படி அவர் 'ஓர் ஆள் குடும்பம்'. மருமகள் தினமும் காய் நறுக்கிக் கொடுப்பதும், ராத்திரி பேரன் பாட்டி பக்கத்தில் போய்ப் படுப்பதும் எந்தக் கட்டத்திலும் ஏறாது. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 7.21 கோடி பேர், 1.85 கோடி குடும்பங்கள். அதாவது, குடும்பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. "கூட்டுக் குடும்பமே போச்சு" என்று இதைக் காட்டிப் புலம்புகிறவர்கள், இந்தப் பாட்டியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வி. மற்ற எல்லோரையும் அவருக்கு என்ன உறவு என்றுதான் எழுதுவார்கள்: மனைவி, மகன், மருமகள், தாய். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தனிக் குடும்பமா, கூட்டுக் குடும்பமா என்று பிரிப்பதும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். கேட்டவுடன் நம் வாய் தானாக அவர் பெயரைச் சொல்லிவிடும்! ஆனால் விதி என்ன தெரியுமா? தலைவர் வயதில் மூத்த ஆணாக இருக்க வேண்டாம். சம்பாதிக்கிறவராகவும் இருக்க வேண்டாம். வீட்டுப் பொறுப்பைச் சுமந்து முடிவெடுப்பவர் என்று வீட்டார் ஏற்றுக்கொள்கிறவர், பெண்ணாகவும் இருக்கலாம். அப்படியும் 2011இல் இந்தியா முழுவதும் சுமார் 11 சதவீதக் குடும்பங்களில்தான் பெண் தலைவி. அதிலும் வீட்டில் ஆண் துணை இல்லாததால் வந்த தலைமைதான் பாதிக்கு மேல் இருக்கும் என்பது என் ஊகம்.

"என் பேரைப் போட்டால் சொத்து, பத்திரத்தில் வம்பு வருமோ?" என்று ஒரு தோழி பயந்தார். வராது. 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி, நாம் சொல்லும் விவரங்களை வேறு யாரும் பார்க்க முடியாது. சொத்து வழக்கில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. ரேஷன் கார்டு சமாசாரம் வேறு, இது வேறு.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியை வைத்து எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். மாடிக்கும் கீழுக்கும் ஒரே சமையலா, தனித்தனியா, யார் பேரைத் தலைவராகச் சொல்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வழக்கத்தால் சொல்லக்கூடாத பெயரை, முக்கியமாகப் புருஷன் பெயரை, சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. என் பாட்டிக்கு இது தெரியாது. யார் வந்து கேட்டாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். தாத்தா பேரை நான்தான் உரக்கச் சொல்வேன்.